பிரிப்யாத் நகரமும் கேமராவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உக்ரைனில் செர்னோபில் அணுமின் நிலைய விபத்தால் காலியான பிரிப்யாத் நகரத்தைப் பற்றி ஆவணப்படம், குறும்படம், கதைப்படம் என்று நிறைய வந்துவிட்டன. அவற்றைப் பார்த்தவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கின்றன. அந்தக் கேள்விகளும் பதில்களும் கீழே. நடுநடுவே என் அபிப்பிராயமும் தலைகாட்டும். வேண்டாதவர்கள் அதைத் தாண்டிப் போய்விடலாம்.

பிரிப்யாத்தும் செர்னோபிலும் ஒரே ஊர்தானே?

இல்லை, இரண்டு ஊர்கள். செர்னோபில் பல நூற்றாண்டுப் பழமையுள்ள சின்னப் பட்டணம். அணுமின் நிலையத்துக்கு அதன் பெயரை வைத்தார்கள், அவ்வளவுதான். நிலையத்திலிருந்து அது ஏறக்குறைய 15 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பிரிப்யாத் அப்படியல்ல. நிலையத்தில் வேலை செய்கிறவர்களுக்காகவே 1970-இல் உருவாக்கப்பட்ட புது நகரம் அது. உலைகளுக்கு மூன்று கிலோமீட்டர் பக்கத்தில் இருக்கிறது. 1986-இல் அங்கே சுமார் 49,000 பேர் இருந்தார்கள். பெரும்பாலும் இளம் குடும்பங்கள். சராசரி வயதே இருபத்தாறு என்பார்கள்.

படங்களில் பார்க்கும் ஆளில்லாத அடுக்குமாடிகள், ராட்டினம், நீச்சல்குளம் எல்லாம் பிரிப்யாத்தைச் சேர்ந்தவை. செர்னோபில் பட்டணத்தில் இன்றைக்கும் பணியாளர்கள் முறைவைத்துத் தங்குகிறார்கள். அங்கே கடையும் உண்டு, தேவாலயமும் உண்டு.

அன்று என்ன நடந்தது? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1986 ஏப்ரல் 26, சனிக்கிழமை அதிகாலை 1.23 மணிக்கு நான்காவது உலை வெடித்தது. ஒரு பாதுகாப்புச் சோதனையை நடத்திக்கொண்டிருந்தார்கள். உலையின் வடிவமைப்பிலேயே இருந்த கோளாறும், சோதனையை நடத்திய விதமும் ஒன்றுசேர்ந்து வினையாகிவிட்டன. விடிந்த பிறகும் நகரத்து மக்களுக்கு யாரும் ஒன்றும் முறையாகச் சொல்லவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், ஊரில் கல்யாணங்கள்கூட நடந்தன. மறுநாள் ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் வெளியேற்றம் ஆரம்பித்தது. சுமார் 1,200 பேருந்துகள் வரிசையாக வந்து நின்றன. சில மணி நேரத்தில் ஊர் காலி.

தற்காலிகம் என்றுதான் அறிவித்தார்கள். மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்று நினைத்துத்தான் மக்கள் பஸ் ஏறினார்கள். வீடுகளில் சாமான்கள் போட்டது போட்டபடி கிடந்தது ஏன் என்று இதை வைத்தே புரிந்துகொள்ளலாம். பின்னால் வந்த படக்காரர்கள் பலரும் இந்த ஒரு விஷயத்தை நம்பித்தான் கேமராவோடு அங்கே போனார்கள். ஆனால் அவர்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் 'போட்டது போட்டபடி' இருக்கவில்லை. அதைக் கீழே சொல்கிறேன்.

ஒரே ஒரு படம்தான் பார்க்க நேரம் இருக்கிறது. எதைப் பார்க்கலாம்?

ஆஸ்திரிய இயக்குநர் நிக்கோலாஸ் கைர்ஹால்ட்டர் 1999-இல் வெளியிட்ட 'பிரிப்யாத்' என்ற ஆவணப்படம். கறுப்பு வெள்ளை. ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடும். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. கேமராவையும் அவரேதான் கையாண்டார்.

இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. பாழடைந்த நகரம் என்றதும் மற்றவர்கள் காலியான அறைகளைத் தேடி ஓடினார்கள். இவரோ அங்கே இன்னும் இருக்கும் மனிதர்களைத் தேடினார். விலக்கு மண்டலத்தின் (விபத்துக்குப் பின் மக்களை வெளியேற்றி அடைத்த பகுதி) வாசலில் காவல் நிற்பவர்கள், அணுமின் நிலையத்தில் வேலை பார்ப்பவர்கள், மண்ணையும் தண்ணீரையும் பரிசோதிக்கும் ஆய்வகத்துப் பெண், சொந்தக் கிராமத்துக்கே திரும்பி வந்துவிட்ட வயதான தம்பதி ஆகியோர் கேமராவைப் பார்த்து நின்றுகொண்டோ உட்கார்ந்துகொண்டோ பேசுகிறார்கள். கேமரா அசையாது. அவர்கள் பேச்சை முடித்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கும். பின்னணிக் குரல் கிடையாது. நம்மை அழவைக்கும் வயலினும் கிடையாது. யார் என்ன சொன்னாலும் அதை எப்படி எடுத்துக்கொள்வது என்பது நம் பாடு.

அவர்கள் பேசுவதில் பெரும்பாதி சம்பளம், வேலை நேரம், தோட்டத்துக் காய்கறி, மருந்து கிடைக்காதது என்று போகும். சோவியத் ஒன்றியம் உடைந்து கிட்டத்தட்ட எட்டு வருடம் ஆகியிருந்த காலம் அது. உக்ரைனில் சம்பளம் வந்து சேர்வதே பெரும்பாடாக இருந்தது. கதிர்வீச்சைவிட அது பெரிய கவலை. இதையெல்லாம் மேலிருந்து எடுக்கும் எந்தக் காட்சியாலும் சொல்ல முடியாது. முதல் அரை மணி நேரம் மெதுவாகப் போகிறதே என்று தோன்றும். பொறுமையாக இருங்கள், அந்த வேகத்துக்குப் பழகிவிட்டால் படம் நம்மை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

ஏன் கறுப்பு வெள்ளையில் எடுத்தார்? சோகமாகத் தெரியவா?

எனக்கு அது நேர்மாறாகப் படுகிறது. விலக்கு மண்டலம் உண்மையில் மிகவும் அழகான இடம். ஆறு, பைன் காடு, ஆப்பிள் மரங்கள், இலையுதிர் காலத்துச் செம்மஞ்சள் நிறம் எல்லாம் அங்கே உண்டு. வண்ணத்தில் எடுத்தால் துருவும் பாசியும் உரிந்த சுண்ணாம்பும் ஓவியம் மாதிரி ஆகிவிடும். பிறகு வந்த நூற்றுக்கணக்கான புகைப்படத் தொகுப்புகளில் அதைத்தானே பார்த்தோம். கறுப்பு வெள்ளையில் அந்த ருசி குறைந்து, பேசுகிறவரின் முகம் முன்னால் வருகிறது. இது என் அபிப்பிராயம் மட்டுமே. வண்ணம் இல்லாததால் படம் பழைய காலத்தது போலத் தெரிகிறது, அது ஒரு சாமர்த்தியமான ஏமாற்று என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது.

அந்தப் படத்தில் அணுமின் நிலையத்துக்கு ஆட்கள் வேலைக்குப் போகிறார்களே, அது 1986-க்கு முன் எடுத்த காட்சியா?

இல்லை. பலருக்கும் இது அதிர்ச்சியாக இருக்கும். விபத்துக்குப் பிறகும் செர்னோபில் நிலையம் மின்சாரம் தயாரித்தது. வெடித்தது நான்காவது உலை மட்டுமே. இரண்டாவது உலையை 1991-இல் ஒரு தீவிபத்துக்குப் பிறகு நிறுத்தினார்கள். முதல் உலை 1996-இல் நின்றது. மூன்றாவது உலை, அதாவது வெடித்த உலையோடு ஒட்டிக்கொண்டிருந்த பக்கத்து உலை, 2000 டிசம்பர் 15 வரை ஓடியது. ஆகவே 1999-இல் வந்த படத்தில் நீங்கள் பார்ப்பவர்கள் உண்மையாகவே ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்கள்.

அவர்கள் குடியிருந்தது ஸ்லாவுத்திச் என்ற நகரத்தில். பிரிப்யாத்துக்குப் பதிலாகக் கட்டப்பட்டு, 1988-இல் ஆட்கள் குடியேறிய ஊர். அங்கிருந்து ரயிலில் வேலைக்கு வந்துபோனார்கள்.

டிரோனில் எடுத்த அந்தச் சின்னப் படம் இணையத்தில் பிரபலமாயிற்றே, அது எது?

பிரிட்டிஷ் ஒளிப்பதிவாளர் டேனி குக் 2014-இல் வெளியிட்ட மூன்று நிமிடச் சொச்சப் படம். அமெரிக்கத் தொலைக்காட்சியான சிபிஎஸ்-இன் '60 மினிட்ஸ்' நிகழ்ச்சிக்காக அங்கே போனபோது எடுத்தது. மரங்களுக்கு மேல் டிரோன் எழும்ப, கட்டடங்களும் ராட்டினமும் மெதுவாக விரியும். பின்னணியில் ஒரு பாட்டு. பிரிப்யாத் என்ற பெயரையே கேட்டிராத கோடிக்கணக்கானவர்களுக்கு முதலில் அறிமுகம் செய்தது இதைப் போன்ற காட்சிகள்தான். அந்தப் பெருமையை மறுக்க முடியாது.

ஆனால் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. டிரோன் உயரத்திலிருந்து எல்லாப் பாழூரும் ஒன்றுபோலத்தான் தெரியும். அங்கே யார் இருந்தார்கள், யார் திரும்பி வந்தார்கள், சாமான்களை யார் எடுத்துப்போனார்கள் என்ற ஒன்றுமே அந்த உயரத்தில் இல்லை. மூன்று நிமிடம் என்பதால் பொறுத்துக்கொள்ளலாம். அதே உத்தியை ஒரு மணி நேரத்துக்கு இழுத்த படங்களும் உண்டு. அவற்றை விட்டுவிடுங்கள்.

தரையெல்லாம் விஷவாயு முகமூடி, கட்டிலில் முகமூடி போட்ட பொம்மை. இதெல்லாம் மக்கள் விட்டுப்போனபடியே இருக்கிறதா?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பிரிப்யாத்தை 'காலம் உறைந்த நகரம்' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. பார்க்க அப்படித் தெரியலாம். உண்மையில் 1986-க்குப் பிறகு அந்த நகரத்தில் எத்தனையோ கைகள் பட்டிருக்கின்றன. முதலில் வந்தவர்கள் சுத்திகரிப்புப் பணியாளர்கள், லிக்விடேட்டர்கள் என்று அழைக்கப்பட்டவர்கள். மண்டலம் முழுவதிலுமாக அவர்கள் எண்ணிக்கை ஆறு லட்சம் என்பார்கள். தெருக்களைக் கழுவினார்கள், மேல்மண்ணைச் சுரண்டி எடுத்தார்கள், அழுகிய உணவோடு இருந்த குளிர்பதனப் பெட்டிகளையும் மரச்சாமான்களையும் வீடுகளிலிருந்து வெளியேற்றிப் புதைத்தார்கள். அதே ஆண்டிலேயே, குடியிருந்தவர்கள் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் திரும்பிப் போய்த் தங்கள் பொருட்களில் சிலவற்றை எடுத்துக்கொள்ள அனுமதித்தார்கள். அப்புறம் திருடர்கள் வந்தார்கள். மின்கம்பி, வெப்பமூட்டிக் குழாய், குளியல் தொட்டி என்று இரும்பும் செம்பும் போன வழி தெரியவில்லை.

நகரமும் உடனே கைவிடப்பட்டுவிடவில்லை. அங்கிருந்த ஜூப்பிட்டர் தொழிற்சாலை 1996 வரை வேறு வேலைகளுக்குப் பயன்பட்டது. எல்லாப் படத்திலும் வரும் அந்த வறண்ட நீச்சல்குளம் இருக்கிறதே, அதில் மண்டலத்துப் பணியாளர்கள் 1998 வரை நீந்தினார்கள். விபத்து நடந்து பன்னிரண்டு வருடம் கழித்தும் தண்ணீர் நிரம்பியிருந்த குளம் அது. 'அன்றைக்கே நின்றுபோனது' என்று எந்தப் படமாவது அதைக் காட்டினால் கொஞ்சம் உஷாராக இருங்கள்.

முகமூடி விஷயத்துக்கு வருவோம். குடிமக்கள் பாதுகாப்புப் பயிற்சிக்காக சோவியத் பள்ளிக்கூடங்களில் முகமூடிகளைச் சேமித்து வைத்திருந்தார்கள். அணு ஆயுதப் போர் வரலாம் என்ற பயம்தான் காரணம். வெளியேற்றத்தின்போது பிள்ளைகள் அவற்றைப் போட்டுக்கொண்டு ஓடவில்லை. பின்னால் யாரோ பெட்டிகளைக் கொட்டிக் கிளறியதால் அவை தரையில் பரவின. பொம்மைகள் வேறு கதை. ஜன்னலோரம் உட்காரவைத்த பொம்மை, முகமூடி மாட்டிய பொம்மை, அழகாகத் திறந்து வைத்த பாடப்புத்தகம், அதன்மேல் ஒற்றைச் செருப்பு, இவையெல்லாம் பெரும்பாலும் வந்துபோன புகைப்படக்காரர்களும் சுற்றுலாப் பயணிகளும் ஜோடித்தவை. ஒருவர் வைத்ததை அடுத்தவர் நகர்த்திவைத்து எடுப்பார். ஒரே பொம்மையை இரண்டு படங்களில் இரண்டு அறைகளில் பார்க்க நேர்ந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

இது பொய்யா என்றால், ஒரு கலைஞர் காட்சியை அமைப்பது தவறில்லை. ஆனால் அதை அந்தக் குழந்தை விட்டுப்போனது என்று நம்மை நம்பவைத்தால் அது மோசடி. அந்தக் குழந்தை இன்றைக்கு நாற்பது வயதைத் தாண்டிய ஆளாக எங்கோ வாழ்ந்துகொண்டிருக்கலாம். அவரைத் தேடிப்போய்ப் பேசுவது கடினம், பொம்மையை நகர்த்திவைப்பது சுலபம்.

அந்த மஞ்சள் ராட்டினம் ஒருமுறைகூடச் சுற்றவில்லையாமே?

1986 மே 1, தொழிலாளர் தினத்தன்று பூங்காவைத் திறப்பதாக இருந்தது. அதற்குள் ஊரே போய்விட்டது. வெளியேற்றத்துக்கு முன் சற்று நேரம் அதை ஓட்டினார்கள் என்று சொல்கிறவர்களும் உண்டு. முறையாகத் திறக்கப்படவே இல்லை என்பது மட்டும் உறுதி. பிரிப்யாத் படம் என்றால் ராட்டினம் வந்தே தீரும் என்பது எழுதாத சட்டம். கைர்ஹால்ட்டரின் படத்தைத் தேர்ந்தெடுத்தேனே, அது அந்த ராட்டினத்தை நம்பிப் பிழைக்கும் படம் இல்லை.

கதிர்வீச்சு படச்சுருளில் தெரியும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. படச்சுருளில் இருக்கும் வெள்ளி உப்புத் துகள்கள் வெளிச்சத்துக்கு மட்டுமல்ல, காமா, பீட்டா கதிர்களுக்கும் எதிர்வினை காட்டும். அளவு கூடினால் படம் மூட்டமடையும். தனித்தனியாகத் தாக்கினால் வெள்ளைப் புள்ளிகளும் கீறல்களும் விழும். பிரிப்யாத்தில் வெளியேற்றத்துக்கு முன் உள்ளூர்க்காரர் ஒருவர் எடுத்த காட்சிகள் இன்று கிடைக்கின்றன. மக்கள் சாதாரணமாக நடக்கிறார்கள், குழந்தையைத் தள்ளுவண்டியில் கூட்டிப்போகிறார்கள், தெருவைக் கழுவும் வண்டி போகிறது. இதற்கிடையே திரையில் பளிச் பளிச்சென்று வெள்ளைப் பொட்டுகள். தெருவில் இருந்த யாருக்கும் தெரியாத ஒன்று அந்தச் சுருளுக்குத் தெரிந்திருக்கிறது.

இதில் தவறாமல் நினைக்கவேண்டியவர் விளாதிமிர் ஷெவ்செங்கோ. உக்ரைனின் ஆவணப்பட இயக்குநர். விபத்து நடந்த சில வாரங்களிலேயே தன் குழுவோடு மண்டலத்துக்குள் போய், ஹெலிகாப்டரிலிருந்தும் தரையிலிருந்தும் சுத்திகரிப்பு வேலையைப் படம் பிடித்தார். சுருளைக் கழுவிப் பார்த்தபோது சில பகுதிகளில் புள்ளிகளும் விசித்திரமான சத்தமும் இருந்தன. சுருளில்தான் கோளாறு என்று முதலில் நினைத்தார்கள். பிறகுதான் அது கதிர்வீச்சு பதித்த தடயம் என்று புரிந்தது. அந்தப் பகுதியை வெட்டாமல் படத்தில் அப்படியே வைத்துக்கொண்டார். 1987-இல் அவர் இறந்துபோனார்.

மேலே அழகுக் காட்சிகளைப் பற்றி நிறையக் குறை சொல்லிவிட்டேன். ஷெவ்செங்கோவின் அந்தச் சில விநாடிகளோ அழகாக எடுக்கவேண்டும் என்று யாரும் திட்டமிட்டதே இல்லை. இந்த விஷயத்தில் வந்த மொத்தப் படங்களிலும் வலுவான காட்சி அதுதான் என்பேன்.

டிஜிட்டல் கேமராவிலும் இது நடக்கும். கதிர் வந்து சென்சாரில் மோதும்போது வெள்ளைப் புள்ளிகள் மினுங்கும். ஜப்பானில் விபத்துக்குள்ளான புகுஷிமா உலைகளுக்குள் அனுப்பிய ரோபோக்களின் காட்சிகளில் அதைத் தெளிவாகப் பார்க்கலாம். ஆனால் இப்போது பிரிப்யாத் தெருவில் எடுத்த படத்தில் அப்படிப் புள்ளி தெரிந்தால், அது பெரும்பாலும் எடிட்டிங் மேஜையில் சேர்த்ததாகத்தான் இருக்கும். அந்த அளவு கதிர்வீச்சு இப்போது தெருவில் இல்லை.

அப்படியானால் படம் எடுக்கப் போகிறவர்களுக்கு ஆபத்தே இல்லையா?

எங்கே நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நகரத்தின் பல தெருக்களில் மணிக்கு ஒரு மைக்ரோசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவிலோ அதற்குக் குறைவாகவோதான் கதிர்வீச்சு இருக்கும். உயரத்தில் பறக்கும் விமானத்தில் இதைவிடச் சில மடங்கு அதிகம். ஆனால் அதே நகரத்தில் பாசி படர்ந்த ஒரு மூலையில், ஒரு வடிகால் வாயில் கதிர்வீச்சு மீட்டர் அலற ஆரம்பிக்கும். மருத்துவமனையின் அடித்தளத்தில் முதல் இரவு தீயணைப்பு வீரர்கள் கழற்றிப்போட்ட உடைகள் கிடந்தன. அங்கே அளவு வெகு அதிகம். அந்த உடைகளை வைத்துக்கூட 'திகில்' வீடியோ எடுத்தவர்கள் உண்டு. அசட்டுத் துணிச்சல் என்பதைத் தவிர வேறு என்ன சொல்வது?

வெளியிலிருந்து வரும் கதிரைவிட, உடம்புக்குள் போகும் தூசிதான் கவலை. ஆகவே அங்கே விதிகள் கடுமை. முழுக்கைச் சட்டை போடவேண்டும். தரையில் உட்காரக்கூடாது, கேமரா முக்காலியைக் கண்ட இடத்தில் ஊன்றக்கூடாது, திறந்தவெளியில் சாப்பிடக்கூடாது. திரும்பும்போது சோதனைச் சாவடியில் ஆளையும் சாமானையும் அளந்துதான் விடுவார்கள். விபத்தில் சிதறிய சீசியம்-137-இன் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 30 வருடம் என்பதால் அதில் பாதிக்குமேல் குறைந்துவிட்டது. புளுட்டோனியத்துக்கு அந்தக் கணக்கெல்லாம் செல்லாது. புளுட்டோனியம்-239-இன் அரை ஆயுள் 24,000 வருடம்.

இன்னொரு ஆபத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கட்டடங்கள். கூரை ஒழுகி, குளிர்காலத்தில் பனி உறைந்து, கான்கிரீட் வெடித்துக் கிடக்கின்றன. ஒரு பள்ளிக்கூடத்தின் பகுதி ஏற்கெனவே சரிந்து விழுந்துவிட்டது. உள்ளே போகக்கூடாது என்று அதிகாரிகள் தடை போட்டதற்கு இதுவும் காரணம்.

ஒரு படத்தை எந்தக் காலத்தில் எடுத்தார்கள் என்று பார்த்தே சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். அடிவானத்தைப் பாருங்கள். வெடித்த உலையின் மேல் சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட உயரமான புகைபோக்கி தெரிந்தால் அது 2013-க்கு முந்தைய படம். அந்த ஆண்டில்தான் அதைக் கழற்றினார்கள். அந்த உலையை மூடிக்கொண்டு பளபளவென்று வெள்ளி நிறத்தில் பெரிய வளைவுக் கூரை நின்றால் 2016 நவம்பருக்குப் பிந்தையது. நூறு மீட்டருக்கு மேல் உயரமுள்ள அந்தக் கூரையைப் பக்கத்தில் கட்டி, தண்டவாளத்தில் நகர்த்திக் கொண்டுவந்து பழைய கான்கிரீட் மூடியின்மேல் நிறுத்தினார்கள்.

மரங்களும் சொல்லிவிடும். தொண்ணூறுகளின் படங்களில் லெனின் அவென்யூ இன்னும் அகலமான சாலையாகத் தெரியும். இப்போது கோடையில் போனால் இரண்டு பக்கமும் காடு. பத்தடி தள்ளி இருக்கும் கட்டடம்கூடத் தெரியாது. கட்டடங்கள் தெளிவாகத் தெரியவேண்டும் என்று நினைப்பவர்கள் இலை உதிர்ந்த பிறகோ பனிக்காலத்திலோதான் வந்தார்கள். அந்த ஊரில் எப்போதும் குளிர்தான், எப்போதும் மேகமூட்டம்தான் என்று நமக்கு ஒரு நினைப்பு வந்ததே இப்படித்தான்.

ரஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியின் 'ஸ்டாக்கர்' படம் இந்த விபத்தைப் பற்றியதுதானே?

இல்லை. அது 1979-இல் வந்தது, விபத்துக்கு ஏழு வருடம் முன்னால். ரஷ்ய எழுத்தாளர்களான ஸ்துருகாத்ஸ்கி சகோதரர்களின் நாவலைத் தழுவியது. பெரும்பகுதி எஸ்தோனியாவில் எடுக்கப்பட்டது. தடைசெய்யப்பட்ட 'மண்டலம்', அதற்குள் ஆட்களைத் திருட்டுத்தனமாக அழைத்துப்போகும் வழிகாட்டி என்ற கதை பின்னால் நடந்ததோடு பொருந்திவிட்டதால் இந்தக் குழப்பம். செர்னோபில் மண்டலத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைகிறவர்களும் தங்களை ஸ்டாக்கர் என்றே சொல்லிக்கொண்டார்கள். கீவ் நகர நிறுவனம் ஒன்று 2007-இல் அதே பெயரில் வீடியோ கேம் வெளியிட்ட பிறகு இளைஞர் கூட்டம் இன்னும் பெருகியது.

2019-இல் வந்த 'செர்னோபில்' என்ற ஹெச்பிஓ தொலைக்காட்சித் தொடரை அங்கேயேவா எடுத்தார்கள்?

இல்லை, பெரும்பாலும் லித்துவேனியாவில். வில்னியஸ் நகரத்தின் ஒரு சோவியத் காலக் குடியிருப்பைப் பிரிப்யாத் ஆக்கினார்கள். மூடப்பட்ட இக்னலினா அணுமின் நிலையம், அதே வகை உலை என்பதால், செர்னோபிலாக நடித்தது.

உண்மையான இடத்தில் எடுத்த கதைப்படம் ஏதாவது உண்டா?

மிஷால் போகானிம் இயக்கி 2011-இல் வந்த பிரெஞ்சு-உக்ரைன் படம் ஒன்று இருக்கிறது. நாயகியாக நடித்தவர் உக்ரைனில் பிறந்த ஓல்கா குரிலென்கோ. விபத்து நடந்த சனிக்கிழமையன்று அவளுக்குக் கல்யாணம். தீயணைப்பு வீரனான மாப்பிள்ளை நடுவிலேயே கிளம்பிப்போகிறான். பத்து வருடம் கழித்து அவள் அதே மண்டலத்தில் சுற்றுலா வழிகாட்டியாக வேலை செய்கிறாள். முதல் பாதியைவிட இரண்டாம் பாதி எனக்குப் பிடித்தது. ஊரைவிட்டுப் போகவும் முடியாமல், ஊர் இருக்கிறது என்று சொல்லவும் முடியாமல் அவள் தவிப்பதைச் சத்தமில்லாமல் காட்டியிருக்கிறார்கள்.

மனிதர்களே வராத படம் ஒன்றும் உண்டாமே?

கைர்ஹால்ட்டரே எடுத்த 'ஹோமோ சேப்பியன்ஸ்' (2016). உலகத்தின் பல மூலைகளில் கைவிடப்பட்ட இடங்கள் அதில் வருகின்றன. ஜப்பானில் புகுஷிமா விபத்தால் காலியான ஊர்களும் அவற்றில் உண்டு. ஒரு வார்த்தை கிடையாது, ஒரு ஆள் கிடையாது. காற்று, மழை, புறா, தகரம் அடித்துக்கொள்ளும் சத்தம் மட்டும். சத்தங்கள் பெரும்பாலும் பிறகு ஸ்டூடியோவில் அமைத்துச் சேர்த்தவை.

பிரிப்யாத்தில் ஆட்களை மட்டுமே தேடிய அதே மனிதர் பதினேழு வருடம் கழித்து ஆட்களே வேண்டாம் என்று எடுத்தது விசித்திரமாகத்தான் இருக்கிறது. காலி அறைகளைக் குறை சொல்லிவிட்டு இதைப் புகழலாமா என்று என்னையும் கேட்கலாம். இந்தப் படம் எந்த இடத்தின் பெயரையும் சொல்லி நம் அனுதாபத்தைக் கேட்பதில்லை. ஒரு குறிப்பிட்ட ஊர்க்காரர்களின் கதையை அவர்களில்லாமலே சொல்வதாகப் பாவனை செய்வதும் இல்லை. நாம் போனபிறகு பூமி எப்படி இருக்கும் என்ற கற்பனை அது. அந்த வகையில் நேர்மையானது. ஆனால் செர்னோபிலைப் பற்றித் தெரிந்துகொள்ள உதவாது.

புகுஷிமா ஊர்களையும் பிரிப்யாத்தையும் ஒன்றாகப் பார்ப்பதும் சரியில்லை. 2011 மார்ச்சில் வெளியேற்றப்பட்ட ஃபுதாபா நகரத்தின் ஒரு பகுதியில் 2022 ஆகஸ்ட் முதல் மீண்டும் குடியிருக்கலாம். பிரிப்யாத்தில் அப்படி ஒரு பேச்சே இல்லை.

அந்த ஊர்க்காரர்கள் இந்தப் படங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள்?

எல்லாருக்குமாகச் சேர்த்துப் பேச முடியாது. ஆனால் அவர்கள் அந்த ஊரை அப்படியொன்றும் விட்டுவிடவில்லை. ஈஸ்டருக்குப் பின் இறந்தவர்களை நினைவுகூரும் நாட்களில், மண்டலத்துக்குள் இருக்கும் கல்லறைகளுக்கு, 2022-இல் போர் தொடங்கும்வரை, குடும்பம் குடும்பமாக வருவார்கள். உணவு கொண்டுவந்து கல்லறைப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதும் அங்கே வழக்கம். சுற்றியிருக்கும் கிராமங்களுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அனுமதியில்லாமலே திரும்பி வந்து வாழ்ந்தார்கள், பெரும்பாலும் வயதான பெண்கள். அவர்களைப் பற்றி ஹாலி மோரிஸும் ஆன் போகார்ட்டும் 2015-இல் ஒரு ஆவணப்படம் எடுத்தார்கள். ஊறுகாய், வீட்டுச் சாராயம், பாட்டு, கிண்டல் என்று போகும் அந்தப் படத்தில் பரிதாபத்தைத் தேடினால் கிடைக்காது.

கூடங்குளத்திலும் இதே வகை உலைதானா?

ரஷ்ய உலைதான், அதே வகை இல்லை. செர்னோபிலில் இருந்தது கிராஃபைட் கொண்ட ஆர்பிஎம்கே வகை. உலையைச் சுற்றி முழுமையான கான்கிரீட் கூண்டு அதற்குக் கிடையாது. கூடங்குளத்தில் இருப்பது தண்ணீரைப் பயன்படுத்தும் விவிஇஆர் வகை, கூண்டோடு கட்டியது. இதற்கான ஒப்பந்தம் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் 1988-இல் செய்தது, அதாவது செர்னோபில் நடந்து இரண்டே வருடத்தில். இடிந்தகரை மக்களின் போராட்டம் 2011-இல் வலுத்ததற்குப் புகுஷிமா ஒரு காரணம். அது தனியாகப் பேசவேண்டிய பெரிய விஷயம்; இந்தப் பக்கத்தில் அடங்காது.

நானும் ஒரு குறும்படம் எடுக்க ஆசை. இப்போது அங்கே போக முடியுமா?

இப்போதைக்கு மறந்துவிடுங்கள். 2019-இல் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் போய்வந்த இடம்தான். 2022 பிப்ரவரி 24, போரின் முதல் நாளே ரஷ்யப் படை பெலாரஸ் வழியாக வந்து மண்டலத்தைப் பிடித்தது. மார்ச் கடைசியில்தான் வெளியேறியது. கண்ணிவெடி ஆபத்து இருக்கிறது, எல்லை பக்கத்தில் இருக்கிறது, சுற்றுலா நின்றுபோய்விட்டது. 2025 பிப்ரவரியில் அந்தப் புதிய வளைவுக் கூரையை ஒரு டிரோன் தாக்கி ஓட்டை போட்டுவிட்டது.

பிரிப்யாத்தைப் பற்றித்தான் எடுக்கவேண்டும் என்றால், அங்கே போகாமலும் எடுக்கலாம். அந்த ஊரிலிருந்து பஸ் ஏறியவர்கள் கீவிலும் ஸ்லாவுத்திச்சிலும் வேறு நாடுகளிலும் இருக்கிறார்கள். அன்று பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவருக்கு இப்போது ஐம்பதை ஒட்டிய வயது. பெரியவர்களாக இருந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அவர்களிடம் முதலில் பேசுங்கள்.